எழுபத்திரண்டு மணி நேரமும் ஒரு வெள்ளைத் துண்டும்

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், அறந்தாங்கிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"கண்மாயில எம்புட்டுத் தண்ணி கெடக்கு?"

"இடுப்பளவு கெடக்கும்ணே."

"யாரு இடுப்பு? ஒன் இடுப்பா, என் இடுப்பா?"

கேட்டவர் குள்ளம். பதில் சொன்னவர் எழுந்து நின்றால் பஸ் கூரையில் தலை இடிக்கும். பஸ்ஸே சிரித்தது. அவர்கள் இருவரும் மட்டும் சிரிக்கவில்லை. கடலை விதைப்பதா வேண்டாமா என்பது அவர்கள் பிரச்சினை. தண்ணீர் இருக்கிறது என்று நம்பி விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில் கண்மாய் கைவிட்டு, போன தடவை மொத்தமும் காய்ந்துபோனதாம். எனக்குச் சட்டென்று உடம்பு சூடானது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் நண்பன் ஜெரால்டை முழங்கையால் இடித்தேன்.

"மாப்ள, கண்மாயே ஃபோன் பண்ணி எவ்வளவு தண்ணி இருக்குன்னு சொன்னா எப்படி இருக்கும்?"

"எடுத்துப் பேச மாட்டாங்கடா. மிஸ்டு கால் குடுக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டான்.

நான் தூங்கவில்லை. அந்த வாரம்தான் ஒரு பெரிய கம்பெனி, புதிதாகப் படித்து முடித்தவர்களுக்காக ஹேக்கத்தான் என்ற கண்டுபிடிப்புப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தது. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல், இருக்கிற வளத்தைக் காப்பாற்றும் யோசனை எதுவானாலும் செய்து காட்டலாம். ஜெயிக்கிற அணியில் இருக்கும் இரண்டு பேருக்கும் கம்பெனியின் தண்ணீர்ப் பிரிவில் வேலை. நான் திருப்பூர்க்காரன். திருச்சியில் ஜெரால்டோடு ஒரே அறையில் நான்கு வருடம் இருந்து இன்ஜினியரிங் முடித்தவன். அப்போது எங்கள் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்த வேலை கிடைத்தால் சந்தோஷம், அவ்வளவுதான். ஜெரால்டுக்கு அப்படி இல்லை. அவன் அப்பா இருபது வருடமாக வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். இடுப்பு தாங்கவில்லை, இந்த வருடத்தோடு திரும்பி வருகிறார். அவர் வந்தால் இவன் போக வேண்டும் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே முடிவான விஷயம்.

கண்மாய் யோசனையை எங்கள் இருவர் பேரிலும் எழுதி அனுப்பினேன். சித்திரையில் நாங்கள் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானதாக மின்னஞ்சல் வந்தது. அதே வாரத்தில் அறந்தாங்கி ஏஜென்டிடம் இருந்து அவனுக்கு ஒரு ஃபோனும் வந்தது. விசா தயார், திங்கட்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். எங்கள் இறுதிச் சுற்று சனிக்கிழமை, திருச்சியில்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் புதுக்கோட்டையில் இறங்கினேன். முதுகில் துணிப்பை, கையில் ஆறடி பிவிசி குழாய். அதன் தலையில் உள்ளங்கை அளவு சோலார் தகடு, உள்ளே தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார், ஒரு சிம் கார்டு. பஸ்ஸில் கண்டக்டர் அந்தக் குழாய்க்கும் டிக்கெட் கேட்டார். "ஆளு மாதிரி நிக்குதுல்ல?" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெரால்டு என்னை ஓர் ஓட்டலுக்கு இழுத்துப்போய் முட்டை மாஸ் வாங்கிக் கொடுத்தான். வெங்காயத்தில் முட்டையைப் புரட்டி எடுத்த சமாச்சாரம், பரோட்டாவோடு. எங்கள் பக்கத்தில் அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய் ஊற்றிவிட்டாலே விருந்து என்பார்கள். இந்தக் காரத்துக்கு மூக்கு ஒழுகியது. "அழுவாதடா, இன்னும் எதுவும் தோக்கலை," என்றான்.

கம்பெனியின் நிபந்தனை இதுதான். கருவியை உண்மையான ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். தொடர்ந்து எழுபத்திரண்டு மணி நேரம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அது கணக்கு அனுப்ப வேண்டும். அந்த எழுபத்திரண்டு மணி நேரத்தில் மனிதக் கை அதன் மேல் படக் கூடாது. இதைப் பார்த்து எழுதுவதற்குச் சென்னையிலிருந்து நிவேதிதா மேடம் என்று ஒருவரை அனுப்பியிருந்தார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அறந்தாங்கியில் லாட்ஜில் தங்கி, தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து போனார். அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழாயை நட்டோம். ஜெரால்டின் ஊர் அறந்தாங்கிக்கும் கறம்பக்குடிக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கண்மாயில் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்திருந்தது. (என் இடுப்பு.) கரையிலிருந்து பத்தடி உள்ளே சேற்றில் குழாயை இறக்கி, கையை எடுத்தோம். மேடம் நேரம் குறித்துக்கொண்டார். முதல் செய்தி என் ஃபோனில் வந்து விழுந்தபோது கரையில் நின்று குதித்தேன். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் ஆற்றைப் பார்த்தே அன்றைக்கு எந்தக் கலர் சாயம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். தண்ணீர் மண்ணின் நிறத்தில் இருப்பதே எனக்கு ஆடம்பரமாகத் தோன்றியது.

வியாழக்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஃபோனில் வந்த கணக்கையெல்லாம் கோடாகப் போட்டுப் பார்த்தேன். பகலில் மட்டம் இறங்குகிறது, சரி, வெயில் குடிக்கிறது. ராத்திரியும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் இறங்குகிறது. சித்திரை மாதத்து வெயில் ராத்திரியில் எங்கே இருக்கிறது? கண்மாயிலிருந்து யாரும் தண்ணீர் பாய்ச்சவும் இல்லை. மடை பூட்டி, சாவி ஊர்த் தலைவர் வீட்டில். அப்படியானால் சென்சார் பொய் சொல்கிறது. நான் வாங்கிய சென்சார். நான் எழுதிய புரோகிராம்.

"மேடம்கிட்டச் சொல்லலாமா?"

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றான் ஜெரால்டு. "அதுபாட்டுக்குக் கணக்கு அனுப்புதுல்ல? மொதல்ல எழுவத்திரண்டு மணி நேரம் ஓடட்டும்."

அவன் அம்மா ஆரோக்கியமேரி எங்கள் பேச்சைக் கேட்டும் கேட்காத மாதிரி கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். "சாப்புடுங்க தம்பி. திருப்பூர்ல உப்பே கெடையாதா? இம்புட்டு மெலிஞ்சு கெடக்கீங்க." பீரோவுக்குள் பாஸ்போர்ட் இருப்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெரால்டு அறந்தாங்கிக்குப் போயிருந்தான். ஏஜென்ட் புகைப்படம் கேட்டிருந்தார். மேடமும் காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். கண்மாயைக் காக்கிற வேலை என்னுடையது. மத்தியானம் எருமைகள் தண்ணீரில் இறங்கின. அதில் ஒன்று நேரே குழாயைப் பார்த்து நடந்தது. கரையில் நின்று கத்தினேன், மண்ணாங்கட்டி எறிந்தேன். ஒரு சாண் இடைவெளியில் திரும்பிப் போனது. மாடு மேய்க்கிறவருக்கு இங்கே ஒரு குழாய் நிற்பது தெரிந்தால்தானே மாட்டை ஒதுக்குவார்? குழாயைத் தொடக் கூடாது. அதனால் கரையில் கிடந்த நீளமான கருவேலங்கம்பு ஒன்றை எடுத்து, குழாய்க்கு நேராகக் கரை மேட்டில் நட்டு, என் வெள்ளைத் துண்டை அதன் உச்சியில் கட்டினேன். காற்றில் துண்டு படபடவென்று அடித்தது. மூன்று தெரு தள்ளியும் தெரியும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு சுளை பலாப்பழம் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஜெரால்டு வீட்டுக்குள் நுழையும்போதே ஃபோன் அடித்தது. கறம்பக்குடியிலிருந்து அவன் மாமா மகன்.

"என்னடா, ஒங்க கம்மாயை நாளைக்கு அழிக்கிறீங்களாமே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாருடா சொன்னா?"

"யாரு சொல்லணும்? வாட்ஸாப்ல ஃபோட்டோ வந்திருச்சே. கரையில வெள்ளை பறக்குது."

ஜெரால்டு ஃபோனை இறக்கி என்னைப் பார்த்தான். கல்லூரியில் நான் அவன் பைக்கைக் கொண்டுபோய் மதிலில் மோதியபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி ஒரு நாளைக் குறித்து, எல்லோரும் இறங்கி மீன் பிடிக்கலாம் என்று திறந்துவிடுவார்கள். கண்மாயை அழிப்பது என்றால் அதுதான். உள்ளூர், வெளியூர், சாதி, மதம் எதுவும் கிடையாது. கூடையோடு வந்தவனுக்குக் கிடைத்த மீன் சொந்தம். முதல் நாள் சாயங்காலம் கரையில் வெள்ளைத் துணி கட்டினால் அதுதான் அழைப்பு. மறுநாள் காலையில் பெரியவர் ஒருவர் துண்டை வீசினால் இறங்கலாம். இந்த ஊரில் தேர்த் திருவிழா முடிந்து, இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் அழிப்பதாக இருந்தது.

ஓடிப்போய்த் துண்டை அவிழ்த்தேன். அங்கிருந்து நேரே ஊர்த் தலைவர் சுப்பையா வீட்டுக்கு ஓடினோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். உடனே ஃபோனை எடுத்து, "நாளைக்குக் கண்மாய் அழிக்கலை, யாரும் வர வேணாம், தகவல் தப்பு" என்று குரல் பதிவு ஒன்றைச் சுற்றுக்கு விட்டார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ஜெரால்டின் மாமா மகன் அனுப்பியிருந்தான்: "ஊருக்காரங்களே மொத்த மீனையும் அள்ளிக்கிறதுக்கு ஏதோ புரளி கெளப்புறாங்க. நாங்க அஞ்சு மணிக்கே கெளம்புறோம்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கரைக்குப் போனபோது மொபெட் நிறுத்த இடமில்லை. நானூறு பேராவது இருப்பார்கள். அடிப்பகுதி இல்லாத கூம்புக் கூடை, ஊத்தா என்கிறார்கள், அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆண்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலையோடு பெண்கள். ஒரு டீக்கடைக்காரர் கேனோடு வந்து வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார். எங்கள் குழாய் கண்மாய்க்குள் தனியாக நின்றது. ஒன்பது மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம்.

சுப்பையா கரை மேட்டில் ஏறி நின்றார். "எவன்டா நேத்து இங்க துண்டு கட்டுனது?"

ஜெரால்டு முன்னால் ஓர் அடி வைத்தான். அதற்குள் நான் கையைத் தூக்கினேன். "நான்தானுங்க கட்டுனேன். எனக்கு இந்த வழக்கம் தெரியாதுங்க."

"எந்த ஊரு?"

"திருப்பூருங்க."

கூட்டத்தில் ஒரு பெரிய மீசை சத்தமாகச் சொன்னது: "பனியன் ஊருக்காரருக்குத் துண்டை எங்கிட்டுக் கட்டணும்னு தெரியலையேப்பா!" கரை முழுக்கச் சிரிப்பு. சுப்பையா சிரிக்கவில்லை.

"ஐயா, மீன் பிடிக்க வேண்டாம்னு சொல்லலைங்க. ஒன்பது மணி வரைக்கும் மட்டும் பொறுத்துக்கங்க. அந்தக் குழாய்க்கு அதுவரைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுங்க."

"ஏன், ஒம்பது மணிக்கு அது குஞ்சு பொரிக்குமா?" என்றார் அதே மீசைக்காரர்.

ஜெரால்டு பேசினான். கெஞ்சவில்லை, சும்மா சொன்னான். "மாமா, அது நின்னுச்சுன்னா எனக்கு இங்கயே வேலை. இல்லைன்னா திங்கக்கெழமை பாஸ்போர்ட்டைக் குடுத்துருவேன். அவ்வளவுதான்."

சுப்பையா கூட்டத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். கூடையோடு வந்த சனத்தை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அந்த ஊர்க் கண்மாய்க்கு மழை வராது என்று அங்கே நம்புகிறார்கள். அனுப்ப முடியாது, அது தெரிந்துவிட்டது. "ஒம்பது வரைக்கும் என்னால நிறுத்த முடியாதுடா. முடிஞ்ச மட்டும் பாக்குறேன்," என்றார். குழாய்ப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று நான்கு தடவை சத்தம் போட்டார். நிவேதிதா மேடம் ஆறே முக்காலுக்கு வந்து டேப்லெட்டைத் திறந்துகொண்டு கரையில் நின்றார்.

ஏழரை மணி வரைக்கும் கூட்டம் நின்றது. பிறகு மறுகரையில் எவனோ ஒருவன் இறங்கினான். அவ்வளவுதான். சுப்பையா வேறு வழியில்லாமல் தன் தோள் துண்டை எடுத்து வீசினார். நானூறு பேரும் ஒரே சமயத்தில் தண்ணீரில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாங்களும் விழுந்தோம். நான், ஜெரால்டு, ஆரோக்கியமேரி அம்மா மூவரும் குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகளைக் கோத்து வட்டமாக நின்றோம். குழாய்க்கும் எங்கள் முதுகுக்கும் நடுவில் ஒரு முழம். தொடக் கூடாது. சேறு முழங்கால் வரை இழுத்தது. தண்ணீர் நொடியில் காபி நிறமானது. கெண்டை துள்ளி என் நெஞ்சில் அடித்தது. ஆட்கள் எங்கள் தோளில் மோதிக்கொண்டு போனார்கள்.

"மேரி, நீ மீன் புடிக்கலையா?"

"நான் இதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ போடி!"

"புருசனை விட்டுட்டுக் கொழாயப் புடிச்சிருக்கா பாரு!"

"அந்தாளு இருக்குற தூரத்துக்கு இது பக்கத்துல இருக்குல்ல!"

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் உடம்பு ஆடியது எனக்குக் கையில் தெரிந்தது. எட்டு மணி. எட்டே கால். என் சட்டைப் பையில் ஃபோன் பாலிதீன் உறைக்குள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஜெரால்டு, "வந்திருச்சா?" என்பான். "வந்திருச்சு," என்பேன்.

எட்டு இருபதுக்கு எங்கள் கால்களுக்கு நடுவில் ஒரு விரால் புகுந்தது. முழங்கை நீளம் இருக்கும். "விராலு! விராலு!" என்று யாரோ கத்தினார்கள். மீசைக்காரர் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் மேல் பாய்ந்தார். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர். வட்டம் உடைந்தது. நான் முகம் குப்புற விழுந்தேன். எழுந்து சேற்றைத் துடைத்துப் பார்த்தபோது குழாய் சாய்ந்துகொண்டிருந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக. ஜெரால்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு விநாடி. அவன் கை காற்றில் நின்றது.

"தொட்டாலும் போச்சு, தொடாட்டியும் போச்சுடா," என்று கத்தினேன்.

பிடித்துவிட்டான். இரண்டு கையாலும். பிடித்து நிமிர்த்தி, ஒன்பது மணி வரை கட்டிக்கொண்டே நின்றான். ஃபோன் துடித்தபடியே இருந்தது. ஒரு கணக்குகூட விடுபடவில்லை.

கரையில் மேடம் எழுதிக்கொண்டிருந்தார். ஏறி வந்து, சேறு சொட்டச் சொட்ட அவர் முன்னால் நின்றோம். அவரே முதலில் பேசினார். "எழுபத்தொரு மணி இருபது நிமிஷம். கை பட்டுச்சு. நான் பார்க்கலைன்னு எழுத முடியாது ஜெரால்டு."

"எழுதுங்க மேடம்," என்றான் அவன்.

மீசைக்காரர் அந்த விராலைக் கொண்டுவந்து ஆரோக்கியமேரி அம்மாவின் கூடையில் போட்டுவிட்டுப் போனார். பத்தரை மணிக்கு விரால் குழம்பு. சுடச்சுட, அவசர அவசரமாக. மேடமும் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். முள்ளே இல்லாத மீன் என்று அவருக்கு ஆச்சரியம். நல்ல குழம்புதான்.

திருச்சியில் மூன்று மணிக்கு எங்கள் முறை. குழாயைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மேடத்தோடு பஸ் ஏறினோம். கீரனூருக்குச் சற்று முன்னால் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னியும் பஞ்சருங்க. பின்னாடி வண்டி வரும், ஏறிக்கங்க," என்றார். பின்னாடி வந்த வண்டியில் காலை வைக்க இடமில்லை. தினமும் திருச்சிக்குப் போய் வருகிற ஓர் அக்கா எங்கள் அவஸ்தையைப் பார்த்து, "சனிக்கெழமை இந்நேரத்துக்கு எல்லா வண்டியும் இப்படித்தாங்க வரும். லாரியைக் கைகாட்டுங்க," என்றார். பலாப்பழம் ஏற்றிய மினி லாரி ஒன்று நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்தில் மேடம். பின்னால் பலாப்பழங்களுக்கு மேல் நானும் ஜெரால்டும் எங்கள் குழாயும். முள் பின்பக்கத்தில் குத்தியது. திருச்சி எல்லையில் ஜெரால்டு, "அந்த ஒரு செகண்டு நான் ஏன்டா யோசிச்சேன்?" என்று கேட்டான்.

ஓட்டல் ஹாலில் ஏசி குளிர். மற்ற அணிகள் எல்லாம் ஒரே மாதிரி டீ சர்ட்டில் பளிச்சென்று இருந்தன. எங்கள் நகங்களுக்குள் கண்மாய் இருந்தது. நாங்கள் பேசி முடித்ததும் மேடம் தன் குறிப்பைப் படித்தார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுபத்தொரு மணி இருபது நிமிடம். நடுவர்களில் இரண்டு பேர் பேனாவை மூடிவிட்டார்கள்.

மூன்றாமவர், நரைத்த தலை, நாங்கள் போட்டுக் காட்டிய தண்ணீர் மட்டத்துக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரியும் தண்ணீர் இறங்குதே. ஏன்?"

வியாழக்கிழமையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. ஜெரால்டு என்னைப் பார்த்தான். மறைத்துப் பயனில்லை.

"ஒண்ணு, எங்க சென்சார் தப்பா இருக்கணுமுங்க. இல்லைன்னா கண்மாய் எங்கேயோ கசியணும்."

"எது?"

"தெரியலைங்க சார்."

பரிசு, தண்ணீர் இல்லாமல் துணி துவைக்க வழி கண்டுபிடித்த ஒரு கோயம்புத்தூர் அணிக்குப் போனது. அந்த அணியில் இரண்டு பேரும் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறவர்கள், வேலை வேண்டாம் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார்கள். நாங்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது நரைத்த தலைக்காரர் வாசலில் பிடித்தார். "அந்த ரெண்டு இடத்துக்கும் யாருன்னு வெள்ளிக்கிழமை முடிவு பண்ணுவோம். கை பட்டது எனக்கு முக்கியமில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தால் அதுக்குள்ளே அனுப்புங்க. ஊகம் வேண்டாம். நிரூபிச்சு அனுப்புங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதையே யோசித்திருக்கிறோம். கண்மாய் கசிந்தால் எந்த இடத்தில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரை ஒரு மைல் நீளம். வெளிப்பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம், ஆடுகூட நுழையாது. ஜெரால்டு திடீரென்று நிமிர்ந்தான்.

"இன்னிக்குக் காலையில அந்தத் தண்ணிக்குள்ள எத்தனை கால் இறங்குச்சு?"

"நானூறு பேர்..."

"எண்ணூறு காலு. ஒரு இன்ச் விடாம மிதிச்சிருக்காங்கடா. சென்சார்ங்கிறது அதுதான்டா!"

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றினோம். அவன் சர்ச்சில் பூசை முடித்து வந்ததும் தொடங்கி, வீடு வீடாக, கறம்பக்குடி வரைக்கும். எங்கள் கேள்வி ஒன்றுதான்: மீன் பிடிக்கும்போது எந்த இடத்திலாவது தண்ணீர் காலை இழுத்ததா? பாதிப் பேர் எங்களைக் கிண்டல் செய்தார்கள். "என் வீட்டுக்காரரு கால இழுத்தாரு, அது கணக்கா?" என்றார் ஒரு பெண். ஆனால் ஒருவரையொருவர் அறியாத ஏழு பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். தெற்கு முக்கு, உடைந்த படித்துறைக்குப் பக்கம். அங்கே அடித் தண்ணீர் மட்டும் சில்லென்று ஓடுகிறது. மீசைக்காரர் தீர்மானமாகச் சொன்னார்: "ஊத்தாவை அழுத்தி வச்சேன்யா, அது தன்னால கரைப்பக்கம் நகருது. நான் பெரிய மீனுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்."

திங்கட்கிழமை காலை ஜெரால்டு ஏஜென்டுக்கு ஃபோன் செய்தான். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான், அதுவும் அவன் அப்பாவின் முகத்துக்காக. சாயங்காலம் ஐந்து மணி தாண்டினால் இடம் போய்விடும். ஃபோனை வைத்ததும் அம்மாவிடம் சொன்னான். அவர் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நாலு நாளுதானே. ஒங்கப்பா இருவது வருசம் பொறுத்தாரு," என்றார்.

அந்த முக்கில் தோண்டி ஈரம் பார்க்கச் சுப்பையாவிடம் அனுமதி கேட்கப் போனபோது அவர் இன்னும் கோபமாகத்தான் இருந்தார். தேர் முடிந்து பிடிக்க வேண்டிய மீன் போய்விட்டது அல்லவா? கடைசியில் ஒத்துக்கொண்டார். கரையைத் தொடக் கூடாது. வெளிப்பக்கம், கரையடியிலிருந்து பத்தடி தள்ளித்தான் தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணை நாங்களே மூட வேண்டும். "ஈரம் இல்லைன்னு வச்சுக்க, அந்தக் கொழாயோட அப்படியே ஊரைப் பாக்கப் போயிரணும். சரியா, திருப்பூரு?"

"சரிங்க."

இதை நான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். இன்று பகல் முழுக்கக் கருவேலத்தை வெட்டி இரண்டு பேர் நுழைகிற அளவுக்கு வழி செய்தோம். கையெல்லாம் முள் கீறல். நாளை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். நிவேதிதா மேடம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார், ஃபோட்டோவும் வீடியோவும் அவர் பொறுப்பு. "நான் எழுதினால் அந்த நடுவர் நம்புவார்," என்று மட்டும் சொன்னார். ஒரு குழி போதும் என்றான் ஜெரால்டு. போதாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். கரையடி எங்குமே கொஞ்சம் ஈரமாக இருக்கலாம், அதை வைத்து யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் ஒரே கரையில், ஒரே ஆழத்தில், இரண்டு குழி. தெற்கு முக்கில் ஒன்று, இருநூறு அடி தள்ளி இன்னொன்று. இரண்டும் நாலடி. சென்சார் பொய் சொல்லவில்லை, கண்மாய் அங்கேதான் கசிகிறது என்று நிரூபிக்க, முதல் குழியில் தண்ணீர் ஊற வேண்டும். இரண்டாவது காய்ந்து கிடக்க வேண்டும்.